இசக்கியம்மாளின் தூக்குச்சட்டி

ஜனவரி 4, வியாழன்

வந்து சேர்ந்தாயிற்று. தூத்துக்குடியில் ஒரு சாதாரணத் தெரு, ஏழாம் நம்பர் வீடு. இரண்டு அறை, சமையலறை, பின்பக்கம் ஒரு முருங்கை மரம். எங்கள் மனநல இல்லத்தில் இருந்து மூன்று பெண்களை அழைத்து வந்திருக்கிறேன். நோய் மாத்திரையில் கட்டுப்பட்டுவிட்டது, ஆனால் கூட்டிப்போக ஆள் இல்லை. அவர்கள் தொண்ணூறு நாள் ஒரு தெருவில் மற்றவர்களைப் போல வாழ்ந்து காட்ட வேண்டும். தொண்ணூறாம் நாள் டாக்டர் திரவியம் நேரில் வந்து பார்ப்பார். சரி என்றால் இங்கேயே இருக்கலாம். இல்லை என்றால் மூவரும் இல்லத்தின் பழைய நீளக் கூடத்துக்கே திரும்ப வேண்டும்.

எனக்கு இதில் நம்பிக்கை இல்லை என்பதை முதல் நாளே எழுதி வைக்கிறேன். பத்தொன்பது வருடமாக அங்கே சமூகப் பணியாளராக இருக்கிறவளுக்குத் தெரியாதா? ஆனால் யாரும் என்னிடம் கேட்கவில்லை. "எமல்டா, நீங்கதான் கூட இருந்து பாத்துக்கணும்" என்றார் டாக்டர். அவ்வளவுதான்.

ஆட்கள்: சண்முகத்தாய், வயது ஐம்பத்திரண்டு. இல்லத்துக்கு வந்து பதினான்கு வருடம், பேச்சை நிறுத்தி எட்டு வருடம். லூர்தம்மாள், அறுபது. தண்ணீர் குடிப்பதற்குக்கூட "குடிக்கட்டுமா மேடம்?" என்று கேட்பவர். மாரிக்கனி, முப்பத்தெட்டு. தலையணை உறைக்குள் இட்லியை ஒளித்து வைப்பாள். நோயின் குணம் என்று பதிவேட்டில் இருக்கிறது. எழுதியது நான்தான்.

சமையலறைச் சாவி என் இடுப்பில். சாப்பாடு இல்லத்தில் இருந்து கேரியரில் ஆட்டோவில் வரும்.

ஜனவரி 5, வெள்ளி

காலை ஐந்து மணி. இங்கே மணியடிக்க ஆள் இல்லை. ஆனாலும் மூவரும் எழுந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்கள், மணிக்காகக் காத்துக்கொண்டு. பாவம். எனக்கு அப்படிப் பழக்கம் எல்லாம் இல்லை. ஐந்து மணிக்கு விழிப்பது உடம்புக்கு நல்லது, அதனால் விழித்தேன்.

பன்னிரண்டரைக்குக் கேரியர் வந்ததும் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றுவிட்டார்கள். சொந்த வீட்டில், மூன்றே பேர், ஒரு வரிசை! சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. நான் நாலாவதாக நின்றேன். வழி குறுகல், வேறு எங்கே நிற்பது?

ஜனவரி 9, செவ்வாய்

எதிர்வீட்டு அம்மாள் மூன்று தடவை எட்டிப் பார்த்தார். நான் கதவைச் சாத்தினேன்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். விடுமுறை எடுத்து நான் எங்கே போவது, இங்கேயே இருந்தேன். பத்து மணிக்கு எதிர்வீட்டு அம்மாள் கதவைத் தட்டினார். பெயர் இசக்கியம்மாள். கணவர் உப்பளத்தில் வேலை. குரல் எட்டு வீட்டுக்குக் கேட்கும். கையில் ஒரு எவர்சில்வர் தூக்குச்சட்டி நிறையச் சர்க்கரைப் பொங்கல்.

"என்ன, வந்து பத்து நாளாச்சு, கதவச் சாத்திக்கிட்டே இருக்கீக? நல்லநாளும் அதுவுமா இப்படியா இருப்பாக? இந்தாங்க, புள்ளைகளுக்குக் குடுங்க."

புள்ளைகளாம். லூர்தம்மாளுக்கு அறுபது வயது. ஆனால் பொங்கல் அருமை. நெய் கையில் வழிந்தது. மாரிக்கனி ஒரு உருண்டையைத் தலையணைக்குக் கொண்டு போய்விட்டாள். எறும்பு வந்து, உறையைத் துவைத்துப் போட்டேன்.

ஜனவரி 16, செவ்வாய்

தூக்குச்சட்டியைப் புளி போட்டுத் தேய்த்து, துடைத்து, பளபளவென்று கொண்டுபோய்க் கொடுத்தேன். இசக்கியம்மாள் வாங்கினார், மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார், என்னைப் பார்த்தார். வெடுக்கென்று உள்ளே போய்விட்டார். நன்றாகத்தானே தேய்த்திருந்தேன்! இந்தத் தெருவுக்கு என்ன செய்தாலும் திருப்தி இல்லை.

ஜனவரி 19, வெள்ளி

இசக்கியம்மாள் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். தெருக் குழாயில் நல்ல தண்ணீர் வந்ததை எல்லா வீட்டுக்கும் கூவிச் சொன்னவர், எங்கள் வாசலை மட்டும் விட்டுவிட்டார். நாங்கள் ஒரு குடம்கூடப் பிடிக்கவில்லை. கடுப்பில் நான் வீட்டுக்குள் வந்து கத்தினேன். "பாத்திரத்த இவ்வளவு சுத்தமாத் தேய்ச்சுக் குடுத்தும் இந்தம்மாவுக்கு என்ன கொறச்சல்?"

மூலையில் இருந்து ஒரு குரல் வந்தது. கரகரப்பாக, துருப்பிடித்த கதவைத் திறந்தது மாதிரி.

"வெறுஞ்சட்டியாவா குடுத்தீக?"

சண்முகத்தாய்! எட்டு வருடம் கழித்து! லூர்தம்மாள் சிலுவை போட்டுக்கொண்டார். நான் பதிவேட்டைத் தேடினேன், பேனாவைத் தேடினேன், இரண்டும் கையிலேயே இருந்தன.

"பொறவு எப்படிக் குடுக்கணும்?" என்று கேட்டேன்.

சண்முகத்தாய் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. இத்தனை படித்தும் இது தெரியவில்லையா என்கிற பார்வை. "ஒருத்தர் வீட்டுச் சட்டிய வெறுமனே குடுப்பாகளா? ரெண்டு முருங்கக்காயாவது போட்டுக் குடுக்க வேண்டாமா? வெறுஞ்சட்டி குடுத்தா இனிமே கொண்டாராதன்னு அர்த்தம்."

இல்லத்தில் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைப்போம். அதுதான் முறை. தட்டுக்குள் ஏதாவது போட்டு யாரிடம் கொடுப்பது? எனக்கு எப்படித் தெரியும்?

பதிவேட்டில் எழுதினேன்: சண்முகத்தாய், பேச்சு, நான்கு வாக்கியம். எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

ஜனவரி 24, புதன்

திங்கள்கிழமை சண்முகத்தாய் சமையலறைச் சாவி கேட்டார். கொழுக்கட்டை அவித்து இசக்கியம்மாள் வீட்டுக்குக் கொடுக்க வேண்டுமாம்.

விதிமுறை ஒத்துக்கொள்ளாது. கத்தி இருக்கிறது, அடுப்பு இருக்கிறது. ஒரு நாள் முழுக்க யோசித்தேன். பிறகு ஒரு மணி நேரத்துக்கு மட்டும் என்று சொல்லிச் சாவியைக் கழற்றினேன். இடுப்பு லேசாகி என்னவோ போல் இருந்தது. அந்த ஒரு மணி நேரமும் கதவோரமே நின்றேன். சண்முகத்தாய் மாவு பிசைந்த கையோடு திரும்பி, "மேடம், நின்னா வெளிச்சம் மறைக்கி, தள்ளுங்க" என்றார்.

தள்ளி நின்றேன்.

கொழுக்கட்டையை ஒரு தட்டில் வைத்து மூடி, நாங்கள் நாலு பேருமாகப் போனோம். இசக்கியம்மாள் ஒன்றை வாயில் போட்டுவிட்டு, "யாரு செஞ்சது? உப்பு ஒரு கல்லு கொறவு" என்றார். இன்று குழாயில் தண்ணீர் வந்ததும் முதலில் கூவியது எங்கள் வாசலில்தான்.

பிப்ரவரி 3, சனி

சாவி இன்னும் என்னிடம் திரும்பவில்லை. கேட்க மறந்துவிடுகிறேன்.

பிப்ரவரி 11, ஞாயிறு

இன்று செத்துப் பிழைத்தேன். சர்ச்சில் பூசைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் லூர்தம்மாளைக் காணோம். பின்பக்கம் இல்லை, குளியலறை இல்லை. இருபது வருடமாகக் கேட்காமல் ஒரு அடி எடுத்து வைக்காதவர்! தெருக்கோடி வரை ஓடினேன். பேருந்து நிலையத்துக்கு ஆட்டோ பிடிக்க இருந்தேன். அப்போது இசக்கியம்மாள் வீட்டுக்குள் இருந்து லூர்தம்மாள் குரல்.

"அவ மாமியாருக்கு இது வேணும். நல்லா வேணும்!"

தொலைக்காட்சி முன்னால் கால் நீட்டி உட்கார்ந்து, முறுக்கு தின்றுகொண்டே தொடர் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் வாசலில் மூச்சு வாங்க நிற்கிறேன். "ஏன் என்ட்ட கேக்கல?" என்றேன்.

லூர்தம்மாள் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "இங்க யாரும் கேட்டுட்டுப் போகலியே மேடம்" என்றார்.

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கும் ஒரு முறுக்கு கிடைத்தது.

பிப்ரவரி 20, செவ்வாய்

கேரியர் வேண்டாம் என்று இல்லத்துக்குச் சொல்லிவிட்டேன். ஒரு மாதமாக யாரும் அதைத் தொடுவதில்லை. சண்முகத்தாய் வைக்கிற புளிக்குழம்புக்கு முன்னால் அது நிற்குமா?

இன்னொரு விஷயம். மாரிக்கனியின் தலையணை உறையில் பத்து நாளாக இட்லி இல்லை. மாத்திரையை மாற்றவில்லை. என்ன மாறியது என்று பார்த்தேன். சோற்றுப் பானை அடுக்களையில் திறந்தே இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் போட்டுத் தின்னலாம். இல்லத்துக் கூடத்தில் மணியடித்துப் பத்து நிமிடம் பிந்தினால் மறுசோறு கிடையாது. பானை மூடிவிடும். நான் அதை நோயின் குணம் என்று ஒன்பது வருடமாக எழுதி வந்திருக்கிறேன். பசிக்குப் பயந்தவள் ஒளித்து வைத்தாள், அவ்வளவுதான். என்னை என்ன செய்தால் தகும்?

என் பையில் எப்போதும் இரண்டு பாக்கெட் பிஸ்கட் இருக்கும். அது வேறு. அது அவசரத்துக்கு.

மார்ச் 6, புதன்

சண்டை. குழாயடியில் சண்முகத்தாயும் இசக்கியம்மாளும். யார் குடம் முன்னால் என்பதில். சண்முகத்தாய் போட்ட சத்தத்தில் எதிர்ச்சந்துக்காரர்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். பதிவேட்டில் சிவப்பு மையில் எழுதினேன்: ஒத்துழைப்பு குறைவு, வாக்குவாதம். தொண்ணூறாம் நாளுக்கு இன்னும் நாலு வாரம்கூட இல்லை. டாக்டர் இதைப் படித்தால் கதை முடிந்தது.

சாயந்தரம் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

மார்ச் 14, வியாழன்

மறுபடியும் சண்டை. ஆக மொத்தம் ஆறு. "சண்முகத்தாய், கொஞ்சம் அடங்கி இருங்க, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றேன்.

"அங்கதான் பதினாலு வருசம் அடங்கி இருந்தேனே எமல்டா" என்றார்.

என்னை மேடம் என்பது போய்விட்டது. கவனித்தேன். எழுதி வைக்கிறேன், புகாராக அல்ல.

மார்ச் 22, வெள்ளி

இசக்கியம்மாள் தூக்குச்சட்டியில் நண்டுக் குழம்பு கொண்டு வந்தார். நாங்கள் சோற்றைப் பிசைந்து பிசைந்து தின்றோம். யாரும் மணி பார்க்கவில்லை. கை கழுவும்போது மணி மூன்று!

மார்ச் 29, வெள்ளி

தூக்குச்சட்டி இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. சண்முகத்தாய் கொடுக்கமாட்டேன் என்கிறார். அதில் முந்திரிக்கொத்துப் பலகாரம் சுட்டுப் போட்டுத்தான் கொடுப்பாராம். அதற்கு உடன்குடிக் கருப்பட்டிதான் வேண்டுமாம், கடையில் இருக்கிறது ஆகாதாம். மீன்காரம்மாளிடம் சொல்லிவிட்டிருக்கிறார். பயறு வறுத்து வைத்தாகிவிட்டது, கருப்பட்டி வரவில்லை. நாலு நாளில் டாக்டர் வருகிறார், இங்கே சட்டிப் பஞ்சாயத்து.

மூவருக்கும் தெளிவாகச் சொல்லிவிட்டேன். டாக்டர் வருகிற அன்று சத்தம் கூடாது, சண்டை கூடாது, அமைதியாக, ஒழுங்காக. மூவரும் தலையாட்டினார்கள். இவர்கள் திரும்பிப் போகக் கூடாது. நம்பிக்கை இல்லை என்று ஜனவரி நாலாம் தேதி எழுதியதை அடித்துவிட்டேன்.

ஏப்ரல் 2, செவ்வாய்

தொண்ணூறாம் நாள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

டாக்டர் பன்னிரண்டரைக்கு வந்தார். எல்லோரும் சாப்பிட உட்காரலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். பதற்றத்தில் வார்த்தை வரவில்லை. கை தானாக இரண்டு தட்டு தட்டிவிட்டது. இல்லத்தில் சாப்பாட்டுக்குத் தட்டுவோமே, அதே தட்டு.

அவ்வளவுதான். மூவரும் எழுந்தார்கள். தட்டை எடுத்தார்கள். பழைய கட்டில் எண் வரிசையில் நின்றார்கள், தலை குனிந்து. சண்முகத்தாயின் முகம் கதவு சாத்தின மாதிரி ஆகிவிட்டது. லூர்தம்மாள் மெல்ல, "சாப்பிடட்டுமா மேடம்?" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் என்று இருந்தது. மூன்று மாதம் கட்டினதை இரண்டு கைத்தட்டில் நானே இடித்துவிட்டேன்.

டாக்டர் பெருமூச்சு விட்டார். "கூடத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம் எமல்டா?" என்றார். பேனாவைத் திறந்தார்.

அப்போது தெருவில் இருந்து ஒரு குரல்.

"ஏ சண்முகத்தாயீ! வெளிய வாளா! பதினோரு நாளாச்சு, எஞ்சட்டி எங்க?"

நான் கதவைச் சாத்த ஓடினேன். அதற்குள் இசக்கியம்மாள் இடுப்பில் கைவைத்து உள்ளேயே வந்துவிட்டார். "எம்புருசன் பதினோரு நாளா பிளாஸ்டிக் டப்பாவுல சோறு கொண்டு போறாரு. உப்பளத்துல எல்லாரும் சிரிக்காக!"

வரிசையில் நின்ற சண்முகத்தாயின் தலை நிமிர்ந்தது. தட்டை மாரிக்கனி கையில் திணித்தார்.

"வெறுஞ்சட்டியவா தரச் சொல்லுத? முன்ன ஒருக்கா இந்த எமல்டா கூறில்லாமக் குடுத்துட்டான்னு தெருப் பூராச் சொல்லித் திரிஞ்சியே! இப்ப நானும் அப்படிக் குடுக்கணுமாக்கும்?"

"அதுக்காகச் சட்டிய அடைகாத்துக்கிட்டு இருப்பியா?"

"கருப்பட்டி இன்னைக்குக் காலைலதான் வந்துச்சு. சாயந்தரம் முந்திரிக்கொத்து சுடுதேன். அதுவரைக்கும் உனக்குப் பொறுக்காதோ?"

இசக்கியம்மாளின் குரல் பாதியாக இறங்கியது. "முந்திரிக்கொத்தா? ஏலக்கா போடுவியா?"

"போடாம?"

"சுக்கு?"

"எனக்கு நீ சொல்லித் தராத!"

லூர்தம்மாள் தட்டைப் போட்டுவிட்டு, யாரிடமும் கேட்காமல், நடுவில் புகுந்து தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்தார். வரிசை எங்கே போனதென்றே தெரியவில்லை. மாரிக்கனி இரண்டு தட்டோடு டாக்டர் பக்கத்தில் போய் நின்று, "சார், நீங்க சாப்பிட்டீகளா? சோறு நெறைய இருக்கு. போடுதேன்" என்றாள். இட்லி ஒளித்து வைத்த மாரிக்கனி!

டாக்டர் பதிவேட்டைக் கேட்டார். கொடுத்தேன். சிவப்பு மையை எண்ணினார். "ஒம்பது சண்டை. கூடத்துல சண்முகத்தாய் பதினாலு வருசத்துல எத்தன சண்டை போட்டிருக்காங்க?"

"ஒண்ணும் இல்ல சார்."

"ம்" என்றார். இசக்கியம்மாளிடம் திரும்பினார். "இவங்களால உங்களுக்குத் தொந்தரவாம்மா?"

"தொந்தரவுதான்" என்றார் இசக்கியம்மாள், பட்டென்று. "எப்பப் பாத்தாலும் எங்கொடத்துக்கு முன்னால கொடத்த வைப்பா. ஏன் கேக்கீக? கூட்டிட்டுப் போகப் போறீகளா?" குரல் திடீரென்று உயர்ந்தது. "அதெல்லாம் ஆகாது. பொறவு நா யார்ட்ட போயி சண்டை போட? பக்கத்து வீட்டுக்காரி வாயத் தொறக்க மாட்டா. லூர்து இல்லாட்டி நாடகம் பாக்க எனக்கு ஆளு வேண்டாமா? எஞ்சட்டி வேற உள்ள கெடக்கு. யாரும் எங்கயும் போகக் கூடாது!"

டாக்டர் சிரித்தார். பத்தொன்பது வருடத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஒரு வரி எழுதினார், கையெழுத்துப் போட்டார், மாரிக்கனி போட்ட சோற்றைத் தரையில் உட்கார்ந்து தின்றார். அந்த ஒரு வரி: மூவரும் இந்தத் தெருவில் குடியிருக்கிறார்கள்.

கிளம்பும்போது என்னிடம் சொன்னார். "உங்க வேலை முடிஞ்சுது எமல்டா. நாளைக்கு இல்லத்துக்கு வந்துருங்க. வாரம் ஒருக்கா வந்து பாத்தாப் போதும்."

ஆமாம், முடிந்தது. எவ்வளவு சந்தோஷம்!

ஏப்ரல் 4, வியாழன்

இல்லம். ஊழியர் விடுதி, ஆறாம் எண் அறை. ஐந்து மணிக்கு மணியடித்தது. பன்னிரண்டரைக்குச் சாப்பிடப் போனேன், வரிசையில் நின்றேன். சாம்பார் எப்போதும் இப்படித்தான் இருந்ததா?

நேற்று கிளம்பும்போது சண்முகத்தாய் என் கையில் ஒரு புதுத் தூக்குச்சட்டி கொடுத்தார். நிறைய முந்திரிக்கொத்து. "மெதுவாத் தின்னு" என்றார். தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 9, செவ்வாய்

முந்திரிக்கொத்து தீர்ந்தது. சட்டியைத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி, ஆட்டோக்காரரிடம் கொடுத்தனுப்ப வாசல் வரை கொண்டு போனேன். அவர் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

வெறுஞ்சட்டி.

அறைக்குத் திரும்பி வந்து பார்த்தேன். கட்டில், மேசை, பீரோ, பதிவேடு, பிஸ்கட். போட்டுக் கொடுக்க ஒன்றும் இல்லை. ஆறாம் எண் அறையில் அடுப்பே கிடையாது. பத்தொன்பது வருடமாகக் கிடையாது, நேற்று வரை அது எனக்குத் தெரியவும் இல்லை.

ஏப்ரல் 12, வெள்ளி

இசக்கியம்மாள் வீட்டு மாடியில் ஒரு அறை காலியாக இருக்கிறதாம். சும்மா விசாரித்தேன்.

ஏப்ரல் 21, ஞாயிறு

மாடி அறைக்குக் குடிவந்த முதல் காலை, எட்டு மணி வரை தூங்கிவிட்டேன்! கீழே இசக்கியம்மாள் போட்ட சத்தத்தில்தான் விழிப்பு வந்தது.

புது அடுப்பில் முதல் சமையல். கேசரி. அடிப்பிடித்தது. முந்திரி கருகியது. சீனி கூடிப்போயிற்று. சட்டியில் போட்டு, மூடி, தெருவைக் கடந்து கொண்டு போனேன். சண்முகத்தாய் மூடியைத் திறந்து, முகர்ந்து, ஒரு விரல் எடுத்து வாயில் வைத்தார்.

"ஐயய்ய! இது என்னத்த? இத மனுசன் திம்பானா? கூறுகெட்டவளே, ரவைய வறுத்தியா இல்லியா?"

"வறுத்தேன்!"

"வறுத்த லட்சணத்தப் பாரு! லூர்து, இங்க வந்து பாரு!"

நானும் விடவில்லை. உங்கள் புளிக்குழம்பில் அன்றைக்கு உப்பே இல்லை என்று சொல்லிவிட்டேன். தெருவே வேடிக்கை பார்த்தது. எனக்கு வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டே அரை மணி நேரம் சண்டை போட்டேன். கேசரி பூராவையும் மாரிக்கனி தின்று முடித்திருந்தாள்.

சாயந்தரம் சட்டி என் மாடிக்குத் திரும்பி வந்தது. திறந்து பார்த்தேன். உள்ளே நாலு முருங்கைக்காய், துண்டு துண்டாக நறுக்கி.